மேல்பட்டியில் இடைவேளை

இந்த ஊரில் யாரிடமாவது எதையாவது கேட்டால், பதிலுக்குச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். காலடியில் பாம்பைப் பார்த்துவிட்டவர் மாதிரி ஒரு சின்ன ‘ஹக்’. வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோல் பதனிடுகிற எங்கள் டேனரியில் சாய டிரம் பார்க்கிறவனிடம், “சாயம் ஏறிவிட்டதா?” என்று என் உடைந்த அமாரிக் மொழியில் கேட்பேன். ‘ஹக்’ என்பான். போச்சு, மொத்தத் தோலையும் கெடுத்துவிட்டான் என்று டிரம்மை நோக்கி ஓடுவேன். உள்ளே தோல் நன்றாகத்தான் இருக்கும். இந்த இந்தியருக்கு என்ன வந்தது என்று அவன் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த மூச்சுக்கு ‘ஆமாம்’ என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு விளங்குவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. வாயைத் திறந்து சொல்ல அலுப்புப்பட்டவர்கள் கண்டுபிடித்த ஆமாம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எனக்கும் அது தொற்றிக்கொண்டுவிட்டது.

நான் இருப்பது எத்தியோப்பியாவில், மோஜோ என்கிற ஊரில். சொந்த ஊர் மேல்பட்டி. குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ரயிலிலிருந்து பார்த்தால் கண்ணில் பட்டு மறைகிற ஊர். பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் சூப்பர்வைசராக இருந்தேன். அதை மூடினார்கள். என் வயதுக்காரனைப் புதிதாக எடுக்க யாருக்கும் மனமில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் வந்த வழியில் நானும் இங்கே வந்து சேர்ந்தேன். அதே டிரம், அதே ஸ்ப்ரே மிஷின், அதே நாற்றம். பாலாற்றங்கரையில் மூக்கு பழகிவிட்டதால் அது ஒன்றுதான் இங்கே எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் துணி துவைத்து, சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு தமிழ்ப் படம் பார்ப்பேன். வெளிநாட்டில் இருக்கிற உங்களில் பலருக்கும் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் கழியும் என்று நினைக்கிறேன். படம் நன்றாக இருக்கிறதா என்பது அப்புறம். நாலு பேர் தமிழில் சத்தம் போடுவது கேட்டால் போதும்.

படத்தை நான் தனியாகப் பார்ப்பதில்லை. வீட்டுக்கார அம்மா அல்மாஸும் வந்து உட்கார்ந்துகொள்வார். அறுபது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளைகள் அடிஸ் அபாபாவில். சின்ன வயதில் இந்திப் படங்கள் பார்த்த ஞாபகம் இருப்பதால் எங்கள் படத்துக்கும் தனக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பது அவர் எண்ணம். பள்ளிக்கூடத்தில் தனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரே ஒரு இந்தியர்தான் என்று வாரம் தவறாமல் சொல்லுவார். அறையிலேயே காப்பிக்கொட்டை வறுத்து, இடித்து, புனா போட்டுக்கொண்டே பார்ப்பார். புனா என்றால் காப்பி. ஆங்கில எழுத்து கீழே ஓடும். அதை அவர் அவ்வளவாகப் படிப்பதில்லை. முகத்தைப் பார்த்தே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முடிவு செய்துவிடுவார். ஒருமுறை கதாநாயகனின் அக்காவைக் காட்டி, “மனைவி நல்லவள்” என்றார். “மனைவி இல்லை, அக்கா” என்றேன். மூச்சை இழுத்து ஆமாம் சொன்னார். அடுத்த காட்சியில் அவன் வேறொரு பெண்ணோடு ஆடியபோது என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இந்திய ஆண்களும் அடக்கம்.

சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒரு போலீஸ் படம் பார்த்தேன். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி ஸ்டேஷன் வாசல் வரை நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். அதற்குள் அல்மாஸ் அம்மா ஒரு சுற்றுக் காப்பி ஊற்றி முடித்துவிட்டார். முன்பெல்லாம் கதாநாயகன் ஓடுவான்; இப்போது எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள். பேய்ப் படம் ஒன்றை, காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற என் மகள் பார்க்கச் சொன்னாள். பேய்க்கு ஒரு சோகக் கதை வைத்துவிட்டால் பயம் போய்விடுகிறது என்பது என் கட்சி. அண்ணன் தம்பிகள் வீட்டைப் பிரித்துக்கொள்கிற படம் ஒன்று வந்தது. அதில் சமையலறைக்கு நடுவில் சுவர் எழும்பும்போது மூத்த மருமகள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள், தலை நிமிரமாட்டாள். அந்த ஒரு காட்சிக்காக அந்தப் படத்தின் பாட்டுகளையெல்லாம் மன்னித்தேன்.

தோல் வேலை செய்கிறவனோடு படம் பார்ப்பது மற்றவர்களுக்குத் தொல்லை. கதாநாயகன் மழையில் நின்று வசனம் பேசும்போது என் கண் அவன் ஜாக்கெட் மேலேயே இருக்கும். முழங்கை மடியும் இடத்தைப் பார்த்தால் அது தோல் இல்லை, ரெக்ஸின் என்று தெரிந்துவிடும். அப்புறம் அவன் சொல்கிற எதையும் நம்பப் பிடிக்காது. தோல் கிடங்கில் சண்டை வைத்தால் இன்னும் மோசம். பதனிடாத பச்சைத் தோல் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒருத்தன்கூட மூக்கைப் பிடிப்பதில்லை. ஆனால் எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வெளிநாடு போகிறவனைக் காட்டும்போதுதான். பாட்டு தொடங்கும்போது விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுவான். பாட்டு முடியும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இறங்கி வருவான். நடுவில் ஒன்றும் கிடையாது. நாங்கள் யாரும் விமான நிலையத்தில் அப்படி அழுததில்லை. பெட்டி எடை தாண்டிவிட்டது என்று தரையில் உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து மனைவி கையில் கொடுத்து, “நீயே வச்சுக்க” என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தவர்கள்தான் ஜாஸ்தி. அந்தப் பாட்டின் நடுப்பகுதியில்தான் நான் இருந்துகொண்டிருக்கிறேன்.

இத்தனை வக்கணையாகப் பேசுகிற நான் இங்கே வந்ததிலிருந்து எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. வாரமெல்லாம் நின்ற கால், வயிற்றில் சோறு, அறையில் காப்பிப் புகை, வெளியே வெயில். இடைவேளை என்று எழுத்து வரும்போது கண்ணை மூடுவேன், ஒரு நிமிஷம் என்று. விழிக்கும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். லேப்டாப் மூடியிருக்கும். அல்மாஸ் அம்மா கப்புகளைக் கழுவிக்கொண்டிருப்பார். அவர் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். நாளைக்கு என்பது திங்கட்கிழமை. ஒரு தடவை, லாரி ஆக்ஸிடெண்டில் ஆரம்பிக்கிற ஒரு படத்தைப் பற்றி அவரிடமே கேட்டேன்.

“எப்படி முடிந்தது?”

“நன்றாக முடிந்தது. அம்மா வந்துவிட்டாள்.”

“எந்த அம்மா?”

மூச்சை இழுத்தார். ஆமாம், அம்மாதான் என்று அர்த்தம். நான் பார்த்த பாதியில் அம்மா என்று யாருமே இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள், நம்மாட்கள் செய்யக்கூடியவர்கள்தான் என்று விட்டுவிட்டேன்.

ஊரில் என் மனைவி கஸ்தூரி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷின். காலையில் கம்பெனி வேன் குடியாத்தத்தில் கிளம்பி, வளத்தூரில் நின்று, மேல்பட்டியில் இவளை ஏற்றிக்கொண்டு, பச்சகுப்பம் தாண்டி ஆம்பூர் போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூங்கி எழுந்து அவளிடம் போனில் பேசுவேன். முதல் வருஷம் பேச எவ்வளவோ இருந்தது. போகப்போக, சாப்பிட்டாயா, தண்ணி வந்ததா, மகள் பேசினாளா என்று கேட்டு முடித்ததும் இரண்டு பக்கமும் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தது. அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நாங்கள் சினிமா பேசத் தொடங்கினோம் என்று இப்போது தோன்றுகிறது. நான் இன்றைக்கு இன்ன படம் பார்த்தேன் என்பேன். ஒரு மாதம் முந்தி தியேட்டரில் வந்தபோதே அவள் அதைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பாள்.

“அந்தப் பையனோட தோஸ்தா வர்றானே, அவன் நல்லா பண்ணியிருக்கான்” என்பேன்.

“யாரு, அவனா? அவன் மூஞ்சில முழிக்கக் கூடாது. இன்னா மனுஷன் அவன், கூட இருந்தே குழி பறிக்கறான்.”

“அவன் இன்னா பண்ணான் பாவம்? காலேஜ்ல ஃபீஸ் கட்டினதே அவன்தானே.”

“ஃபீஸ் கட்னா? அதுக்குன்னு தங்கச்சிய கடத்துவானா?”

எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்லவனைக் கெட்டவன் என்கிறாளே என்று ஒரு வாரம் அதே சண்டை ஓடியிருக்கிறது. அந்த லாரிப் படத்துக்கும் அப்படித்தான். “கடைசில அம்மா வந்தாங்களே, அது நல்லா இருந்தது” என்று எடுத்துவிட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆமாமா, அந்த அம்மா. அழ வச்சுட்டாங்க” என்றாள். அல்மாஸ் அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

நான் இங்கே வருவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் படத்துக்குப் போவோம். குடியாத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. டிபன் பாக்ஸில் வேகவைத்த வேர்க்கடலை எடுத்து வருவாள். படம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் கையைத் தட்டி, பேசாமல் பாருங்கள் என்பாள். சென்னை விமான நிலையத்தில், ஊறுகாய்ச் சண்டையெல்லாம் முடிந்த பிறகு, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், “நீயாவது போய்ப் படம் கிடம் பாரு, வீட்டுலயே கிடக்காத” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளும் சரி என்று தலையாட்டினாள். கம்பெனிப் பெண்களோடு மாதம் ஒருமுறையாவது தியேட்டருக்குப் போகிறாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

போன லீவில் ஊருக்குக் கிளம்பும்போது மேனேஜர் கேட்டு அனுப்பினார். காண்டிராக்ட் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறீர்களா, ஊரிலிருந்து திரும்புவதற்குள் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்கு வந்த அன்றே கஸ்தூரியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நானும், கேட்பார் என்று அவளும் லீவு நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கல்யாண வீடுகளுக்குப் போனோம். மகளை ஹாஸ்டலில் போய்ப் பார்த்தோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் பேச முடியாத இரண்டு பேர் செய்யக்கூடியதைச் செய்தோம். சினிமாவுக்குப் போனோம்.

குடியாத்தத்தில் அதே தியேட்டர், இப்போது ஏசி போட்டிருக்கிறார்கள். படம் இரண்டாவது வாரம். மலைக்கிராமத்துக்கு மாற்றலாகி வருகிற ஒரு பஸ் கண்டக்டரின் கதை. எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் பேசுகிற மாதிரி பேசினார்கள், நடக்கிற வேகத்தில் நடந்தார்கள். ஆனால் படத்தைவிட கஸ்தூரியைத்தான் நான் ஜாஸ்தி பார்த்தேன். டைட்டில் ஓடும்போதே முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சிரித்தாள். “அவன் போட்டிருக்கற ஷூவ பாருங்க, அந்த மாடல் எங்க லைன்லதான் போச்சு” என்று காதில் சொன்னாள். மாதாமாதம் படம் பார்க்கிறவள் இப்படி வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது. “நல்லாருக்குதுல்ல?” என்று கேட்டாள். ஆமாம் என்பதற்குப் பதிலாக ‘ஹக்’ என்று மூச்சை இழுத்துவிட்டேன். பதறிப்போய் என் நெஞ்சில் கை வைத்தாள்.

“இன்னாங்க, இன்னா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?”

“ஒண்ணுமில்ல. அந்த ஊர்ல ஆமாம்னா இப்படித்தான் சொல்லுவாங்க. பழகிப்போச்சு.”

“நல்ல பழக்கம். உசுரே போய்டுச்சு எனக்கு” என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நான் குடித்து முடிக்கிற வரை கையை எடுக்கவில்லை.

இடைவேளை விட்டார்கள். விளக்கு எரிந்ததும் கஸ்தூரி டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, புடவையைச் சரிசெய்து எழுந்தாள்.

“போலாமா?”

“எங்க?”

“வீட்டுக்குத்தான். மிச்சம் எனக்குத் தெரியும். அந்த டீச்சர் செத்துப்போய்டுவா. இவன் அந்த ஊர்லயே தங்கிடுவான்.”

“நீ ஏற்கெனவே பாத்துட்டியா?”

“பாக்கல. நசீமா சொன்னா.”

நசீமா அவளோடு வேனில் வருகிற பெண். குடியாத்தத்தில் முதல் ஆளாக ஏறுகிறவள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைத் திங்கட்கிழமை வேனில் காட்சி காட்சியாகச் சொல்லுவது அவள் வழக்கம் என்று எனக்கும் தெரியும். தெரியாதது, அவள் கதையை எப்படி ஓட்டுகிறாள் என்பதுதான். குடியாத்தத்தில் டைட்டில். வளத்தூரில் முதல் பாட்டு. மேல்பட்டியில் இடைவேளை. ஆம்பூரில் கிளைமாக்ஸ். அதிலும் கடைசிக் காட்சியை மட்டும் அடக்கி வைத்திருந்து, கம்பெனி கேட்டுக்கு உள்ளே, வருகைக்குக் கைரேகை வைக்கப் போகிற வழியில்தான் அவிழ்ப்பாளாம். கஸ்தூரி ஏறும்போது பாதிப் படம் முடிந்திருக்கும். முதலிலிருந்து சொல் என்றால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

“அப்ப நீ தியேட்டருக்கே போகலையா?”

“நீங்க போனதுலேந்து இன்னிக்குத்தான் வர்றேன்.”

“ஏன்? நான்தான் போய்ப் பாருன்னு சொன்னேனே.”

“எப்படிப் போறது? ஒருவாட்டி நசீமா கூப்டா, கிளம்பி டவுன் வரைக்கும்கூட போனேன். எல்லாரும் ஜோடியா புள்ளகுட்டியோட நிக்கறாங்க. தலைவலிக்குதுன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். பாத்தேன்னு சொன்னா உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு சொன்னேன். நாள்பூரா மிஷின பாத்துட்டு வந்து போன்ல படம் பாத்தா கண்ணு எரியுது.”

நான் அவளைப் பையோடு மறுபடியும் சீட்டில் உட்கார வைத்தேன். “எனக்கு மிச்சம் தெரியாதுடி. அங்க போனதுலேந்து நான் எந்தப் படத்துக்கும் ரெண்டாம் பாதி பாத்ததில்ல. தூங்கிடுவேன்” என்றேன். அவள் என்னையே பார்த்தாள். இரண்டு பேருமே ஒரே நேரத்தில் அந்தத் தோஸ்த்தை நினைத்திருக்க வேண்டும். நான் அவனை நல்லவனாக இருந்தபோது மட்டும் பார்த்தவன். அவள் அவனைக் கெட்டவனாக ஆனபிறகு மட்டும் கேட்டவள்.

“அப்ப அந்த லாரிப் படத்துல கடைசில வந்த அம்மா?” என்றேன்.

“எந்த அம்மா? நசீமா சொல்லவேயில்ல. நீங்க சொன்னீங்களேன்னு நானும் ஆமான்னேன்.”

சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. சிரிப்பினால் வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இல்லாத ஒரு அம்மாவைக்கூட நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக நாங்கள் பேசியிருக்கிறோம். பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை. வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது.

இடைவேளை முடிந்து படம் தொடங்கியது. இன்றைக்காவது ஒரு படத்தை முழுசாகப் பார்த்துவிடுவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டீச்சர் மலைப்பாதையில் குடை பிடித்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான். விழித்தபோது விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் போய்விட்டார்கள். ஒரு அம்மாள் வரிசை வரிசையாகப் பாப்கார்ன் பெருக்கிக்கொண்டிருந்தார். என் தலை கஸ்தூரியின் தோளில் இருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“எழுப்பக் கூடாதா?”

“எதுக்கு? டீச்சர் செத்துட்டா. நான்தான் சொன்னேனே.”

பஸ்ஸில் மேல்பட்டி வரும் வழியெல்லாம் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வெளியே நல்ல வெயில். வளத்தூர் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, வந்த நாளிலிருந்து சொல்லாததைச் சொன்னாள்.

“அங்கயும் தூங்கறீங்க. இங்கயும் தூங்கறீங்க. தூங்கறதுக்கு எதுக்குங்க அவ்ளோ தூரம் போய்க்கினு? இங்கயே தூங்குங்க.”

மகள் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஊரில் டேனரி வாசல்களில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டு, இரண்டு வருஷம் முடியாது, ஒரே ஒரு வருஷம் என்று சொன்னேன். கஸ்தூரி பெட்டி கட்டிக் கொடுத்தாள். இந்த முறை ஊறுகாயைச் சின்ன பாட்டிலில் போட்டிருந்தாள். விமான நிலையத்தில் படம் பார் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து நாங்கள் பொய் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை இடைவேளை வரை பார்த்துவிட்டு, தூக்கம் வருவதற்குள் போன் போட்டு முதல் பாதியை நான் சொல்லிவிடுவேன். ஜாக்கெட் ரெக்ஸின் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்பது அவள் போட்ட நிபந்தனை. திங்கட்கிழமை மேல்பட்டியில் வேன் ஏறியதும் அவள் எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைப்பாள். நமக்கும் இந்த ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே வெயில் ஏறியிருக்கும்போது இங்கே அப்போதுதான் கிழக்கு வெளுக்கும். பழைய படம்தானே என்று மற்ற பெண்கள் சலித்துக்கொள்வார்கள். நசீமா விடமாட்டாள். “மச்சானுக்கு ரெண்டாவது ரிலீஸ், நீங்கல்லாம் காதை மூடிக்கோங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டாம் பாதியைத் தொடங்குவாள். நான் கட்டிலில் படுத்தபடியே கேட்பேன். ஹாரன் சத்தம், பச்சகுப்பத்தில் ஏறுகிறவர்களின் சத்தம், யாரோ பூ கேட்கிற சத்தம், நடுநடுவே வில்லன். சத்தியமாகச் சொல்கிறேன், இதைவிட நல்ல தியேட்டரில் நான் படம் பார்த்ததில்லை. ஒரே குறை, கம்பெனி கேட்டில் எல்லோரும் போனை அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். கடைசிக் காட்சியை நசீமா கேட்டுக்கு உள்ளேதான் சொல்லுவாள். அதனால் இன்றுவரை எந்தப் படம் எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது. கஸ்தூரியைக் கேட்டால், “வந்து தெரிஞ்சிக்கோங்க” என்று சொல்லிவிடுகிறாள்.

அந்த ஒரு வருஷமும் முடியப்போகிறது. போன சனிக்கிழமை மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். இன்னும் ஒரு வருஷம் இருங்கள், உங்களைப் போல ஃபினிஷிங் பார்க்க இங்கே ஆள் இல்லை என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த ஊரில் ஒருவர் யோசிப்பது அடுத்தவருக்குத் தெரிய அரை நாள் போதும்.

இந்தத் திங்கட்கிழமை நசீமா ஒரு மீனவர் படத்தின் இரண்டாம் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புயல் கிளம்பியிருந்தது. அல்மாஸ் அம்மா புனாவோடு கதவருகில் வந்து நின்று, “இந்த வருஷமும் இங்கேதானே இருப்பாய்?” என்று கேட்டார். போன் காதில் இருந்ததால், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் வேன் வேகம் குறைவது கேட்டது. கேட் வந்துவிட்டது. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு கஸ்தூரி போனைக் காதில் வைத்திருக்க வேண்டும், சத்தமெல்லாம் தள்ளிப்போய் அவள் குரல் மட்டும் கிட்டத்தில் வந்தது.

“மேனேஜர் கூப்டாருன்னு சொன்னீங்களே. இந்த வாட்டி வந்துடுவீங்கல்ல?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘ஹக்’ என்று மூச்சுதான் உள்ளே போயிற்று. வேன் கதவை யாரோ இழுத்துத் திறந்தார்கள். “இன்னாங்க? ஒண்ணும் கேக்கல” என்றாள். அதற்குள் செக்யூரிட்டி கூப்பிட, போன் அணைந்துவிட்டது.

கதவருகில் நின்ற அல்மாஸ் அம்மாவுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. முகம் மலர்ந்து, “ஈஷி, ஈஷி” என்றார். சரி சரி என்று அர்த்தம். உள்ளே வந்து என் கப்பை விளிம்பு வரை நிரப்பினார். நான் வாங்கிக்கொண்டேன்.